பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனை வீட்டில் உயர்த்துதல்

பிக்கப் வண்டியின் சட்டகத்துக்கும் சக்கர அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டி, வண்டியை மேலே தூக்கும் மாற்றம் சஸ்பென்ஷன் லிஃப்ட் எனப்படும். சட்டகத்தின் மேல் கட்டை வைத்து பாடியை மட்டும் தூக்கும் பாடி லிஃப்ட் இதிலிருந்து வேறானது. அதில் சஸ்பென்ஷனில் யாரும் கைவைப்பதில்லை. பெரிய டயர் மாட்டவும், கரடுமுரடான பாதையில் அடிபாகம் இடிக்காமல் ஓட்டவும் அமெரிக்காவில் பலர் சஸ்பென்ஷன் லிஃப்ட் செய்கிறார்கள். வீட்டு ஷெட்டிலேயே வேலையை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. தேவையான பாகங்கள் ஒரே பெட்டியில் கிட்டாக விற்கப்படுவதால், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் எழுகிறது. ஆனால் உயரம் மாறும்போது சஸ்பென்ஷனின் ஒவ்வொரு கோணமும் சேர்ந்தே மாறுகிறது. அந்தக் கோணங்களை மீட்டெடுக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் வீட்டில் எதுவரை செய்யலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

ஃபோர்டு எஃப்-150 நல்ல உதாரணம். 2004 மாடலில் இருந்து அதன் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலொன்று கீழொன்றாக இரண்டு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் வந்து உட்காருகிறது. அதனால் ஸ்ட்ரட்டின் தலையில் ஏறத்தாழ 1 அங்குலக் கட்டை வைத்தாலே சக்கரத்தருகே சுமார் 2 அங்குல உயரம் கிடைத்துவிடுகிறது. நெம்புகோல் தரும் இந்த லாபம் சும்மா வருவதில்லை. ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிகின்றன; பால் ஜாயின்ட் தன் அசைவின் எல்லையை நெருங்குகிறது; நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேய்கிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் சரிவதால், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் டோ அளவு மாறி, டயரின் ஓரம் அரிபடுகிறது. 4 அங்குலமும் அதற்கு மேலும் தூக்கும் கிட்களில் நீளமான ஸ்டியரிங் நக்கிள், தாழ்வாகப் பொருத்தும் குறுக்குச் சட்டம், முன் டிஃபரென்ஷியலைக் கீழே இறக்கும் பிராக்கெட் ஆகியவை இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆர்மும் ஷாஃப்டும் பழைய கோணத்திலேயே நிற்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்களே இத்தனை பாகங்களைச் சேர்க்கிறார்கள்.

பின்பக்கம் எளிது. லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்து, புதிய நீண்ட யூ-போல்ட்டால் இறுக்குகிறார்கள். ஒரு கட்டை மேல் இன்னொரு கட்டையை அடுக்கக் கூடாது. பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எத்தனையோ பேர் பல ஆண்டுகளாக வீட்டில் செய்து நன்றாகத்தானே ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் வண்டி என்ற அக்கறையோடு, டார்க் ரெஞ்ச் வைத்துக் குறிப்பேட்டில் சொன்ன அளவுக்கு ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்குபவர், அவசரப்படும் மெக்கானிக்கைவிட நன்றாகவே செய்வார். இடர் வேறிடத்தில் இருக்கிறது. அழுத்தப்பட்ட காயில் ஸ்பிரிங் கழன்றால் உயிரையே பறிக்கும். முழு ஸ்ட்ரட்டாகச் சேர்த்தே விற்கப்படுவதை வாங்கினால் அந்த ஆபத்து நீங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சட்டகத்தை ஸ்டாண்டு தாங்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டை வண்டி தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் அதைக் கடைசியாக இறுக்க வேண்டும். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. சக்கரத்தின் சாய்வையும் ஸ்டியரிங் அச்சின் சாய்வையும் குறிக்கும் கேம்பர், காஸ்டர் கோணங்களை ஒரு டிகிரியின் பின்னம்வரை அளப்பதற்கு மட்டும் அலைன்மென்ட் கருவி வேண்டும். அது வீட்டு ஷெட்டில் இருக்காது.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஒன்று மீதமிருக்கிறது. வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிட, சக்கரங்களின் அகல இடைவெளியை ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுக்கும் அளவை அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்துகிறது. இடைவெளி 170 செ.மீ., மைய உயரம் 70 செ.மீ. என்று கொண்டால் விடை 1.21. மையம் 9 செ.மீ. உயர்ந்தால் அது 1.08 ஆகக் குறைகிறது. அகலமான வீல் போட்டு ஈடுகட்டலாம் என்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் வெளியே தள்ளி நிற்கும் சக்கரம் பேரிங் மேலும் பால் ஜாயின்ட் மேலும் கூடுதல் சுமையை ஏற்றுகிறது. ஹெட்லைட்டைத் தாழ்த்தித் திருப்பாவிட்டால் எதிரில் வருபவரின் கண் கூசும். சட்டமும் சும்மா இருக்கவில்லை: முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும்படி வண்டியை மாற்றுவதை வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பரில் தடை செய்தது.

ஆகவே, முன்பக்கம் 2 அங்குலம்வரை தூக்கும் வேலையும் பின்பக்கக் கட்டையும் பொறுமையுள்ளவருக்கு வீட்டிலேயே கைகூடும். சட்டகத்தில் வெட்டும் வெல்டிங்கும் கேட்கும் பெரிய கிட்களைப் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும். எந்த உயரமானாலும், வீட்டை விட்டு எடுக்கும் வண்டியை முதலில் மெதுவாக அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிச் செல்லுங்கள். 500 மைல் ஓடிய பின் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.