நிழற்படத்தில் தலைப்பாகை

1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பெற்ற நிழற்படக் கலை, விரைவிலேயே இந்தியாவையும் எட்டியது. படத்திற்காக நெடுநேரம் அசையாது அமர்ந்திருக்க வேண்டிய காலம் அது. வாழ்நாளில் ஓரிரு முறையே வாய்த்த அந்த நிகழ்ச்சிக்கு எதை அணிந்து செல்வது என்பதை மக்கள் எண்ணித் துணிந்தனர். கோட்டில் தொங்கிய கடிகாரச் சங்கிலி உத்தியோகத்தையும், கைத்தடி பெரியமனிதத் தோரணையையும், கையில் விரிந்த நூல் கல்வியையும் உணர்த்தின. இத்தகைய பொருள்களை நிழற்பட நிலையத்தார் இரவலாகத் தருவதும் உண்டு. ஆகவே பழைய உருவப்படங்கள், ஒருவர் பெற்றிருந்த செல்வத்தைக் காட்டிலும் அவர் பெற விழைந்த மதிப்பையே தெளிவாகக் காட்டுகின்றன.

அம்மதிப்பின் முடியாக விளங்கியது தலைப்பாகை. அதன் பொருளைத் தென்னாப்பிரிக்க வரலாறு நன்கு விளக்கும். 1893-இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணிக்கப்பட்ட காந்தியடிகள், அதற்கு உடன்படாது வெளியேறினார். மறு ஆண்டு, முதலாளியால் அடிபட்டுப் பல் உடைந்த பாலசுந்தரம் என்னும் தமிழர் அவரை நாடி வந்தார். அவருடைய தலைத்துணி கையில் இருந்தது. வெள்ளையர்முன் ஒப்பந்தக் கூலிகள் அவ்வாறு நிற்பதே அங்கு வழக்கமாக இருந்தது. அதைக் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறினார். தயக்கத்தோடு கட்டிக்கொண்டவரின் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டதாகத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார்.

இதனை நெஞ்சிற்கொண்டு அடிகளின் படங்களை வரிசையாக நோக்குக. ஜோகன்னஸ்பர்க் வழக்கறிஞராக, விறைத்த காலரும் டையும் அணிந்திருக்கிறார். 1913-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்க்குத் துக்கம் காத்து, ஒப்பந்தக் கூலிகளின் எளிய உடையை மேற்கொண்டார். அக்காலப் படத்தில் அவர் கையிலுள்ள தடி தோரணைக்கு உரியதன்று, நடைக்கு உரியது. 1915-இல் தாயகம் திரும்பியபோது கத்தியவார்த் தலைப்பாகை. 1921-இல் மதுரையில் தொப்பியையும் சட்டையையும் நீக்கி அரையாடை பூண்டார். பிறர் பணித்தபோது கழற்ற மறுத்தவர், ஏழையரை எண்ணித் தாமே துறந்தார். அடக்குமுறையால் வெறுந்தலையாவதும், அன்பினால் வெறுந்தலையாவதும் ஒன்றல்ல.

நம் இல்லங்களில் உள்ள முன்னோர் படங்களையும் இவ்வாறே காணுதல் தகும். அத்தலைப்பாகை இரவலாயினும் ஆகுக. அதன்கீழ் நிமிர்ந்து நோக்கும் பார்வை அவர்களுடையது. பிற மாநிலங்களில் வளரும் நம் மக்கள் அதனை அறியவேண்டுமாயின், சொல்லத்தக்க முதியோர் நம்மிடையே உள்ளபோதே, படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்போமாக.