ரிக்கியின் பண்ணை

பேஸ்பால் பதிவா என்று ஓடிவிடாதீர்கள் மக்களே. ஆட்டத்தின் விதிகளை எல்லாம் விளக்கிக் கழுத்தறுக்கப் போவதில்லை. விஷயம் இதுதான்: பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தனைப் பார்த்து, இவன் இன்னும் அஞ்சு வருஷத்தில் தேறுவானா மாட்டானா என்று எப்படிச் சொல்வது? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை வைத்தே நூறு வருஷமாகப் பிழைப்பு நடத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு வக்கீல் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்த கதை. பிடித்தது என்றால் முழுக்கச் சந்தோஷமாக இல்லை, ஏன் என்று வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். மைனர் லீக் என்றதும் நம்ம ரஞ்சி டிராஃபி மாதிரி என்று தோன்றும். ரஞ்சி அணி மாநிலச் சங்கத்துடையது. அங்கே அப்படி இல்லை. சின்ன ஊர் ஒன்றில் அணி இருக்கும், மைதானம் இருக்கும், டிக்கெட் விற்பார்கள். ஆனால் ஆடுகிற பையன்களுக்குச் சம்பளம் தருவதும், யார் ஆடணும், யாரை மேலே ஏற்றணும், யாரை வீட்டுக்கு அனுப்பணும் என்று முடிவு பண்ணுவதும் பெரிய நகரத்து மேஜர் லீக் கிளப். அதற்கு ஃபார்ம் சிஸ்டம் என்று பேர். பண்ணை. நாற்றங்கால் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. சின்ன ஊர் அணிகள் தனி முதலாளிகளுடையவை. அவர்கள் பையன்களை வளர்த்துப் பெரிய கிளப்புகளுக்கு விற்றுக் காசு பார்த்தார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அப்போது படு ஏழைக் கிளப். 1919ல் வெளியூர் போய்ப் பயிற்சி எடுக்கக் காசில்லாமல் உள்ளூரிலேயே பயிற்சியை முடித்துக்கொண்டார்கள். அதை நடத்திவந்தவர் பிராஞ்ச் ரிக்கி. சட்டம் படித்தவர். ஆட்டக்காரராக மகா மட்டம்: 1907ல் அவர் கேட்சராக நின்ற ஒரே ஆட்டத்தில் எதிரணி 13 பேஸ் திருடியது. ஆனால் ஆளை எடைபோடுவதில் கில்லாடி. அவர் ஒரு பையனைக் கண்டுபிடித்து விலை கேட்டால், சின்ன ஊர் முதலாளி உடனே நியூயார்க் கிளப்புக்குத் தகவல் சொல்லி அதிக விலைக்குத் தள்ளிவிடுவார். ரிக்கி கேட்டாலே பையன் நல்லவன் என்றுதானே அர்த்தம்! இவர் கண்ணை வைத்து அடுத்தவன் சம்பாதித்தான்.

விலைக்கு வாங்க முடியவில்லையா, நாமே விளைவிப்போம் என்று இறங்கினார் ரிக்கி. கார்டினல்ஸ் தங்கள் பழைய மைதானத்தை விற்றுவிட்டு 1920ல் இன்னொரு கிளப்பின் மைதானத்தில் வாடகைக்குப் போனது. விற்ற பணத்தில் ஆர்கன்சாவில் ஃபோர்ட் ஸ்மித், டெக்சாஸில் ஹூஸ்டன் என்று மைனர் லீக் அணிகளில் பங்கு வாங்க ஆரம்பித்தார்கள். 1926ல் பேப் ரூத் இருந்த யாங்கீஸையே தோற்கடித்து முதல் உலக சீரிஸ். 1946 வரைக்கும் மொத்தம் ஆறு.

ஆளை எடைபோடும் முறை எளிமையானது. ஊர் ஊராக முகாம் போட்டு நூற்றுக்கணக்கான பையன்களை வரவழைப்பார்கள். 60 கஜம் ஓடவிடுவார்கள், எறியவிடுவார்கள். ஓட்டமும் கைவேகமும் பிறவியிலேயே வருவது, மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம் என்பது ரிக்கியின் கணக்கு. இன்றைக்கும் ஸ்கவுட்கள் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: அடிக்கிற திறமை, அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிகிற கை. ஒவ்வொன்றுக்கும் 20லிருந்து 80 வரை மார்க். 50 என்றால் மேஜர் லீக் சராசரி, ஒவ்வொரு 10ம் ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன். நம்ம செமஸ்டர் புராபபிலிட்டி பேப்பர் ஞாபகம் வருதா? :-)

ரிக்கி என்றதும் எல்லாரும் அவர் கண்ணைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1930களின் கடைசியில் அவர் கையில் முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள், அறுநூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். இத்தனை பேர் இருந்தால் கண் கொஞ்சம் தப்பினால்கூடப் பரவாயில்லை. சாஃப்ட்வேர் கம்பெனிகள் காலேஜ் காலேஜாகப் போய் ஆயிரக்கணக்கில் ஆளெடுத்து பெஞ்ச்சில் உட்கார வைத்தார்களே, அதே கணக்கு. ஒரே வித்தியாசம், நாம் பேப்பர் போட்டுவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம். அந்தப் பையன்கள் போக முடியாது. ஒப்பந்தத்தில் இருந்த ரிசர்வ் ஷரத்துப்படி கிளப் விடுகிற வரைக்கும் அவர்கள் கிளப்பின் சொத்து. அந்த ஷரத்து 1975 வரை தாக்குப்பிடித்தது. செயின்ட் லூயிஸில் இடமில்லாதவர்களை ரிக்கி மற்ற கிளப்புகளுக்கு விற்றார், விற்பனையில் அவருக்கும் பங்கு உண்டு. பத்திரிகைக்காரர்கள் இந்தக் கூட்டத்துக்கு வைத்த பேர், சங்கிலியில் கட்டிய கைதிக் கூட்டம்.

பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸுக்கு இந்த ஏற்பாடு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. ஒரே லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை கார்டினல்ஸ் மறைமுகமாக ஆட்டிவைக்கிறது என்று 1938ல் எழுபதுக்கும் மேற்பட்ட பையன்களை ஒரே உத்தரவில் விடுதலை செய்தார். அதில் ஒருத்தன் பீட் ரெய்ஸர். செயின்ட் லூயிஸ் பையன்தான். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அள்ளிக்கொண்டு போனது. 1941ல், 22 வயதில், நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டம் அவனுக்கு. அந்த வருஷம் கார்டினல்ஸைப் பின்னால் தள்ளி லீக்கை ஜெயித்தது யார்? அதே டாட்ஜர்ஸ்.

எண்ணிக்கை காப்பாற்றியதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஸ்டான் மியூசியல். பென்சில்வேனியாவில் டொனோரா என்ற தொழிற்சாலை ஊர்ப் பையன். எடுத்தது பிட்சராக. 1938, 39ல் கடைசிப்படியான டி வகுப்பில் போட்டார்கள். பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. அடுத்த வருஷம் டேட்டோனா பீச்சில் ஆட்டம் கொஞ்சம் தேறியது. பிட்சிங் இல்லாத நாட்களில் அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள். ஒரு கேட்சுக்குப் பாய்ந்து விழுந்து இடது தோள் போயிற்று, அவன் இடதுகைப் பிட்சர். கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேனேஜர் டிக்கி கெர்ரும் அவர் மனைவியும் அந்தப் பையனையும் அவன் குடும்பத்தையும் ஆதரித்து நிறுத்தினார்கள். 1941ல் பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு சி வகுப்பில் ஆரம்பித்து, அதே செப்டம்பரில் செயின்ட் லூயிஸில் நின்றான். மொத்தம் 3,630 ஹிட், ஏழு பேட்டிங் பட்டம். அவனை எடுத்தபோது எந்த ஸ்கவுட்டும் பேட்டிங்குக்காக எடுக்கவில்லை! பெரிய பண்ணையில் ஓரமாக நிற்க இடம் இருந்தது, அவ்வளவுதான்.

ரிக்கி அப்புறம் புரூக்ளின் போனார். 1947ல் ஜாக்கி ராபின்சனை இறக்கியது எல்லாருக்கும் தெரியும். அதே வருஷம் ஆலன் ராத் என்ற கனடாக்காரரைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே சம்பளம் கொடுத்து வைத்தது அவ்வளவாகத் தெரியாது. ராத்தின் கணக்கை வைத்து ரிக்கி 1954ல் லைஃப் பத்திரிகையில் ஒரு ஃபார்முலாவே வெளியிட்டார். வெறும் பேட்டிங் சராசரி போதாது, வாக் வாங்கியாவது பேஸுக்குப் போகிறானா என்று பாருங்கள் என்பது அதன் சாரம். மைக்கேல் லூயிஸின் மணிபால் புத்தகம் வந்தது 2003ல். அரை நூற்றாண்டு முந்திவிட்டார் மனுஷன்!

இனிமேல்தான் வேடிக்கை. 1954ல் ரிக்கி இருந்தது பிட்ஸ்பர்க் பைரேட்ஸில், லீக்கிலேயே கடைசி அணி. அவருடைய ஸ்கவுட் கிளைட் சுகஃபோர்த், டாட்ஜர்ஸின் மான்ட்ரியால் பண்ணை அணியில் ஒரு பிட்சரைப் பார்க்கப் போனார். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியில் ஒரு போர்ட்டோ ரிகோ பையன் அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்ததைப் பார்த்து அசந்துவிட்டார். பையன் பேர் ராபர்ட்டோ க்ளெமென்டே. டாட்ஜர்ஸ் 10,000 டாலர் போனஸ் கொடுத்து எடுத்திருந்தது. 4,000க்கு மேல் போனஸ் வாங்கியவனைப் பெரிய அணியில் வைக்காமல் கீழே அனுப்பினால் மற்ற கிளப்புகள் டிராஃப்டில் தூக்கலாம் என்பது அப்போதைய விதி. அந்த சீசனில் க்ளெமென்டேவின் சராசரி .257, அதாவது நூறு தடவைக்கு இருபத்தாறு ஹிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வாக் வாங்குவது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. ரிக்கியின் சொந்த ஃபார்முலாவில் போட்டால் தேறமாட்டார். பைரேட்ஸ் 4,000 டாலருக்கு எடுத்தது. சரியாக 3,000 ஹிட், நாலு பேட்டிங் பட்டம், 12 தங்கக் கையுறை. 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார்.

ஆட்களைக் குவித்துவைப்பதைத் தடுக்கப் போட்ட டிராஃப்டில், குவிப்பதைத் தொடங்கிவைத்தவரே லாபம் பார்த்தார். என்ன சொல்ல!

அதே பைரேட்ஸ் 2008ல் நம்ம நாட்டிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு உத்தரப் பிரதேசத்துப் பையன்களை எடுத்தது. டிவி போட்டியில் வேகமாக எறிந்தவர்கள், அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. ஐந்தில் ஒரே ஒரு விஷயத்தை அளந்து எடுத்த கதை. மேஜர் லீக் வரை இரண்டு பேருமே போகவில்லை. படம் 2014ல் வந்தது, இசை நம்ம ரஹ்மான்.

இப்போது கணக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது. 1985லேயே பில் ஜேம்ஸ் மைனர் லீக் எண்களை மேஜர் லீக் எண்களாக மாற்றும் வழியைச் சொன்னார். எண்ணை மட்டும் பார்க்காமல், அந்த வகுப்பில் ஆடுகிறவனின் வயது என்ன என்றும் பார்க்கிறார்கள். 19 வயதில் டபுள்-ஏ வகுப்பில் சுமாராக ஆடுகிறவன், 24 வயதில் அங்கேயே வெளுத்துக்கட்டுகிறவனைவிட மேல். பந்தின் சுழற்சி, பேட்டின் வேகம் எல்லாம் கேமராவில் பதிவாகிறது.

பண்ணை மட்டும் சுருங்கிவிட்டது. டி வகுப்பு 1962க்குப் பிறகு இல்லை. 2020 முடிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களின் அணிகளுக்கு மேஜர் லீக் தொடர்பு போய், 120 அணிகள் மட்டும் மிஞ்சின. நல்லதும் நடந்தது, மறைக்கக் கூடாது. 2022ல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் வந்தது. அடுத்த வருஷ ஒப்பந்தத்தில், டிரிபிள்-ஏ வகுப்பின் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. ரிக்கி காலத்துப் பையன்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். அதே ஒப்பந்தத்தில், ஒரு கிளப் அமெரிக்காவில் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர் எண்ணிக்கை 180லிருந்து 165 ஆகக் குறைந்தது.

1988ல் மைக் பியாஸா என்ற பையனை டாட்ஜர்ஸ் டிராஃப்டில் எடுத்தது, அதுவும் அவன் அப்பாவின் நண்பர் டாமி லசோர்டா அங்கே மேனேஜராக இருந்த தயவில். கேட்சர்களில் அதிக ஹோம் ரன் அடித்தவர் என்று 2016ல் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கிடைத்தது. அவரை எடுத்தது 62வது சுற்றில், 1,390வது ஆளாக. 2021லிருந்து டிராஃப்ட் 20 சுற்றோடு முடிந்துவிடுகிறது.

க்ளெமென்டே பற்றித் தனியாக ஒரு பதிவு போட ஆசை. நேரம் கிடைக்கட்டும், பார்ப்போம்.