கடல்மல்லைக் கரையும் மகளிர் மணவரிசையும்

செங்கல்பட்டு வட்டாரத் திருமணங்களில் பட்டு, பழம், வெற்றிலைபாக்கு ஆகியவற்றோடு வரிசைத் தட்டில் வைக்கப்படும் நறுமணத் தைலப் பெட்டி அண்மைக்கால வரவாகத் தோன்றினும், மல்லிகை போன்ற மலர்களின் மணத்துக்கு அடியில் சந்தனம், அகில், கத்தூரி ஆகியவற்றின் கதகதப்பான மணத்தை நிறுத்தும் அதன் கூட்டுமுறை தமிழ் மகளிர் ஒப்பனையில் மிகப் பழையது. மலரின் மணம் விரைவில் ஆவியாகிவிடும் இயல்புடையது. மரத்திலும் பிசினிலும் உள்ள எண்ணெய்கள் மெல்ல ஆவியாவதால் அவை அம்மணத்தைத் தாங்கி நெடுநேரம் நிற்கச் செய்கின்றன. பூவைக் கூந்தலிலும் சாந்தை, அதாவது அரைத்த சந்தனக் குழம்பை, உடலிலும் ஒருசேர அணிந்த பழந்தமிழ் வழக்கம் இவ்விரு மணங்களையும் இணைத்தே வைத்திருந்தது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஆடல்மகள் மாதவியின் கூந்தலை நீராட்டிய நீரில் பத்துத் துவர்களும் ஐந்து விரைகளும் முப்பத்திரண்டு ஓமாலிகைகளும் ஊறியிருந்தன என்று சொல்லப்படுகிறது. துவர் என்பது துவர்ப்புச் சரக்கு. விரை என்பது நறும்பொருள். ஓமாலிகை என்பது நீரில் ஊறவைக்கும் மணப்பொருள்களின் தொகுதி. கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என உரைமரபு கூறும் ஐந்து விரைகளுள் கோட்டம் இமயமலைச் சாரலில் விளையும் செடியின் வேர். சிறந்த அகில் கீழைக்கடல் நாடுகளின் காடுகளிலிருந்து வந்தது. ஆரமாகிய சந்தனமோ தென்னாட்டு மலைகளுக்கே உரியது. ஒரு பெண்ணின் கூந்தல் நீருக்குள் இமயமும் கீழைக்கடலும் சேர்ந்திருந்ததை நோக்கினால், ஒப்பனையின் வரலாறு பெரும்பகுதி வணிகத்தின் வரலாறே என்பது விளங்கும்.

செங்கல்பட்டு வட்டாரக் கரையில் உள்ள, கடல்மல்லை எனப் பெயர்பெற்ற மாமல்லபுரம் பல்லவர் காலத்து வணிகத் துறைமுகமாகும். செல்வம் ஏற்றிய கலங்கள் அங்கு நின்றதைத் திருமங்கையாழ்வார் பாடியுள்ளார். கடற்கரைக் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன் 720ஆம் ஆண்டில் சீன அரசவைக்குத் தூது அனுப்பியதிலிருந்து இக்கரையின் தொடர்புகள் எவ்வளவு தொலைவு சென்றன என்பதை அறியலாம். மணப்பொருள் வணிகத்துக்கான பிற்காலச் சான்று இன்னும் நேரடியானது: கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்திராவின் பரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவுக்குக் கப்பலார் செலுத்த வேண்டிய பொன்னைக் கத்தூரியின் விலையைக் கொண்டு கணக்கிட்டது. மணப்பொருளே மதிப்பின் அளவுகோலாக நின்றது என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

மலரோ உள்ளூர் விளைவு. பூதத்தாழ்வார் மாமல்லபுரத்தில் ஒரு குருக்கத்தி மலரில் தோன்றினார் என்பது வைணவ மரபு; கோயில்கள்தோறும் நந்தவனங்கள், அதாவது இறைவனுக்குரிய பூந்தோட்டங்கள், பேணப்பட்டன.

பூவும் சாந்தும் இணையும் இம்மரபு இன்றும் உயிரோடிருக்கும் இடம் வளைகாப்பு. கருவுற்ற பெண்ணின் கன்னத்திலும் கைகளிலும் சுமங்கலிகள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசிப் பன்னீர் தெளித்து வளையல் அடுக்குகின்றனர். பின்னர் அவர்களும் அவ்வீட்டாரிடமிருந்து பூ, மஞ்சள், குங்குமம், வளையல் பெற்றுச் செல்கின்றனர். கொடுத்தவரே பெறுபவரும் ஆகும் இவ்வமைப்பு, கடைப் பெட்டி ஒன்றைக் கையில் தந்து முடிக்கும் இக்காலப் பரிசளிப்பில் இல்லை. இவ்வகையில் பழைய வழக்கமே மேலானது. தமிழகத்துத் தர்காக்களின் சந்தனக்கூடு விழாவும், முகம்மதியர் வாழ்வில் அத்தர் பெற்ற இடமும் நறுமணக் கொடை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகின்றன. அத்தர் என்பது மரபுமுறையில் மலரை வடித்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்வது. பூவும் சாந்துமாகிய பழைய இணைப்பே அங்குக் குப்பிக்குள் அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியல் கடல்வழி வந்த மணச்சரக்குகளின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 1888இல் ஆல்பெர்ட் பவுர் செயற்கைக் கத்தூரி மணத்தைக் கண்டறிந்த பின் கடல்வழிச் சரக்குக்காகக் காத்திருக்கும் தேவை குறைந்தது. கத்தூரி மான் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றுள்ளது; அதைக் கொன்று எடுக்கும் மணம் வழக்கொழிவது நன்றே. ஆயினும் இந்திய நறுமணத்தின் வரலாற்றை எழுதுவோர் வடநாட்டுக் கன்னோசியின் அத்தர் பட்டறைகளோடு நின்றுவிடாமல், மாமல்லபுரம் உள்ளிட்ட சோழமண்டலக் கரைத் துறைகளையும் வளைகாப்பில் சந்தனம் பூசும் மகளிரையும் அதில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.