தீநிரல்
தீநிரல் என்பது உடையவர் அறியாமல் கணினிக்குள் புகுந்து கெடுதல் செய்ய எழுதப்பட்ட மென்பொருள். மால்வேர் என்றும் சொல்வர். பேச்சு வழக்கில் எல்லாமே 'வைரஸ்'தான். அந்த ஒற்றைச் சொல் தரும் குழப்பத்தைக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்ததில் பார்க்கலாம்.

சரியாகச் சொன்னால் வைரஸ் வேறொன்றில் ஒட்டிப் பெருகுவது. 1986-இல் லாகூர் சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெய்ன்', பிளாப்பியின் தொடக்கப் பகுதியில் குடியேறியது. தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதிவைத்தார்கள். பின்னால் வந்தவர்களிடம் அந்த வெள்ளந்தித்தனம் இல்லை.

வார்ம் எனும் புழு தானே பரவும். நசரத்பேட்டை போன்ற கல்லூரி வட்டாரங்களில், புராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போன பென்டிரைவ், போல்டரெல்லாம் ஷார்ட்கட்டாகித் திரும்புமே, அதுவும் பெரும்பாலும் புழுவின் வேலை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் புழுவுக்கும் பென்டிரைவ்தான் வாகனம். இணையத்தோடு தொடர்பற்ற ஈரானின் நதான்ஸ் ஆலைக்குள் போய், யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைப் பழுதாக்கியது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது ரான்சம்வேர். 1989-இல் பிளாப்பியில் தபாலில் வந்த ஒன்று 189 டாலர் கேட்டது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை உலகைச் சுற்றியது. ரான்சம்வேர் தான் வந்ததைத் தானே அறிவித்துவிடும். சத்தமில்லாமல் தகவல் திரட்டும் ஒற்று நிரல் அப்படியல்ல.

2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதாக மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் விஷயம் வெளியே கசிந்தது. கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையோடு இணைக்கப்படாதவை, தாக்குதலுக்கு வழியே இல்லை என்று 29-ஆம் தேதி நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் அது இருந்தது, உலையை இயக்கும் வலை பாதிக்கப்படவில்லை.

இரண்டு அறிக்கையும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. மறுப்பு, உடைக்க வரும் நிரலை நினைத்து எழுதப்பட்டது, வந்திருந்ததோ ஒற்றன். டீட்ராக் எனப்பட்ட அது தட்டும் விசைகளையும் உலாவி வரலாற்றையும் கோப்புப் பட்டியலையும் சேகரிக்கும். இந்திய ஏடிஎம்களில் கார்டு விவரம் திருடிய, 2018-இல் கண்டறியப்பட்ட நிரலுக்கு உறவு என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கூறியது. வடகொரியத் தொடர்புடைய லாசரஸ் ஹேக்கர் குழுவைச் சுட்டியது. ஆய்வாளர்களிடம் அகப்பட்ட மாதிரியில் கூடங்குள வலைக்கான பயனர் விவரம் முன்கூட்டியே பொதிந்திருந்தது. அப்படியானால், அதற்கு முன்பே ஒருமுறை யாரோ உள்ளே வந்துபோயிருக்கலாம்.