குகை, பரண், வாடி: சிற்றிடம் இல்லமான வரலாறு

மனிதன் முதன்முதற் குடியிருந்த வீடு அவன் கட்டியதன்று, கண்டெடுத்தது. மலையடியில் ஓர் ஒதுக்கு, மரத்தில் ஒரு கவடு, கடற்கரையில் ஒரு மணல்மேடு எனத் தனக்கென அமையாத சிற்றிடத்தைத் தனதாக்கிக் கொள்ளும் கலை, கட்டடக் கலையினும் மூத்தது. இந்நாளில் அக்கலை செல்வர்தம் பொழுதுபோக்காகவும் சுற்றுலாத் தொழிலாகவும் பெயர்பெற்று விளங்குகின்றது. ஓய்வு பெற்ற புகைவண்டிப் பெட்டியிலும், ஒளியவிந்த கலங்கரை விளக்கத்திலும் படுக்கையிட்டு விடுமுறை கழிப்போர் மேனாடுகளிற் பலர். இதனைப் புதுமை எனக் கருதுவோர் ஈழத்தின் கீழ்க்கரையை, சிறப்பாக வெருகலைச் சூழ்ந்த நாட்டை, ஒருமுறை நோக்குதல் வேண்டும்.

மகாவலி கங்கை கடலை அணுகுமிடத்துக் கிளைபிரிகின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் வீழ்கின்றது. மற்றொன்று வெருகலாறு என்னும் பெயருடன் கிழக்கே சென்று கடலோடு கலக்கின்றது. சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டருளிய வெருகல், அவ்வாற்றங்கரை ஊர். ஆறும் வயலும் காடும் கழியும் கலந்த தாழ்நிலமாதலின் மாரியில் வெள்ளம் ஏறும். கோடையில் மண் வெடிக்கும். இத்தகைய நாட்டில் மனிதன் ஒதுங்கிய சிற்றிடங்கள் இருவகை. உள்நாட்டுப் பாறைகளில் அமைந்த குகைகள் ஒன்று. தாழ்நிலத்தில் இலையாலும் கம்பாலும் ஆக்கிய பரணும் குடிலும் மற்றொன்று. முன்னதற்குக் கல்வெட்டு உண்டு. பின்னதற்கு இல்லை. வரலாறு எழுதுவோர் முன்னதையே எழுதிப் பின்னதை மறந்ததற்குக் காரணமும் இதுவே.

குகை வாழ்வின் தொன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. களுத்துறைப் பகுதியிலுள்ள பாகியன் குகையில் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தனர் என அகழ்வாராய்ச்சி காட்டியுள்ளது. ஈண்டு நோக்கற்பாலது, ஒதுங்கிய இடம் இல்லமாக மாறிய அந்தக் கணம். அம்மாற்றம் இலங்கையில் கி. மு. 3ஆம் நூற்றாண்டளவிற் கல்லிலேயே பதிந்து கிடக்கின்றது.

இயற்கைக் குகையை இல்லமாக்குதற்கு முதற்கண் வேண்டப்படுவது சுவரன்று, ஒரு கோடு. மழைநீர் பாறையின் நெற்றி வழியே இறங்கும்போது விளிம்பினின்று நேரே விழுந்துவிடுவதில்லை. கல்லைப் பற்றிக்கொண்டு அடிப்புறமாக உள்ளே ஊர்ந்து, படுத்திருப்பவன் தலைமேற் சொட்டும். இதனைக் கூர்ந்து கண்ட கற்றச்சர் குகையின் நெற்றியிற் புருவம் போன்றதொரு விளிம்பை வெட்டினர். ஊர்ந்துவரும் நீர் அதனைக் கடக்கமாட்டாது அங்கேயே அறுந்து வெளியே விழுந்தது. தொல்லியலார் நீர்வடி விளிம்பு எனக் குறிப்பது இதனையே. பின்னர் அவ்விளிம்பின் கீழே சுவரெழுப்பிக் கதவிட்டனர். தரையை மட்டஞ் செய்தனர். சில குகைகளில் உட்புறத்துக்குச் சாந்து பூசி ஓவியமுந் தீட்டினர். விலங்கு ஒதுங்கிய பொந்து துறவியின் உறையுளாயிற்று. ஓருளியும் சில நாள் உழைப்பும் செய்த வேலை இது. ஆயினும் மழை எவ்வழி வரும் என்பதை அறியாதவன் இவ்வேலையைச் செய்திருத்தல் இயலாது.

தேவநம்பிய தீசன் மிகிந்தலையில் மகிந்த தேரரும் அவர் கூட்டத்தாரும் மழைக்காலம் தங்குதற்கென 68 குகைகளைச் செப்பஞ் செய்ய ஆணையிட்டான் என மகாவம்சம் கூறும். மழைக்கால வாசம் என்பது பௌத்த துறவிகள் ஆடி முதல் மூன்று மாதம் ஓரிடத்தே அடங்கியிருக்கும் நோன்பு. ஊர்சுற்றல் நீங்கி, குறித்த காலத்துக்கு, குறித்த இடத்திலே தங்குதலால் இதனைப் பண்டைக்காலத்து ஓய்வுறையுள் எனல் தவறாகாது. இதில் வியப்பான செய்தியொன்று உண்டு. ஆடியும் ஆவணியும் மகத நாட்டிலே மழைக்காலம். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலுமோ அவை கடுங்கோடை. இங்கே வாடைக்காற்றோடு பெருமழை தொடங்குவது ஐப்பசியிலேதான். நோன்பின் நாட்காட்டி வடநாட்டிலிருந்து வந்தது; விளிம்பை வெட்டிய உளியோ இந்நாட்டு மழையை அறிந்து வெட்டியது. நூல் வழி வந்த வழக்கம் ஒன்றைச் சொல்ல, நிலம் அறிந்த தச்சன் வேறொன்றைச் செய்து வைத்தான்.

விளிம்பின் கீழே, நீர்படாத இடத்தில், கொடையாளியின் பெயர் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டது. இத்தகைய பழங் கல்வெட்டுக்கள் இலங்கையில் ஆயிரத்துக்கு மேல் உள. திருகோணமலைக்கு வடக்கே திரியாய்க் குன்றிலும் இவ்வகைக் குகைகள் இருக்கின்றன. கொடுத்தோருள் அரசர் உளர். ஊர்த்தலைவரும் இல்லறத்தாரும் பெண்களும் வணிகரும் உளர். வவுனியாப் பகுதியிலுள்ள பெரிய புளியங்குளத்துக் கல்வெட்டொன்று விசாகன் என்னும் தமிழ் வணிகனைக் கூறுகின்றது. இக்கற்களைச் சான்றாக நிறுத்தி இந்நிலம் எவருக்குரியது என வழக்காடுவோர் இந்நாளில் இரு புறத்தும் உளர். வழக்கைத் தொடங்குமுன் அவ்வெழுத்துக்களைப் படித்தல் நன்று. பல கல்வெட்டுக்களின் வாசகம், நாற்றிசையினின்றும் வந்துள்ள துறவிகளுக்கும் இனி வரவிருப்போருக்கும் இக்குகை உரியது என்பதே. ஒருவன் பெயரால் ஆக்கப்பட்ட இடம், ஆக்கியவனுக்கே உரியதன்று என ஆக்கியவனே எழுதிவைத்தான்.

கடலுக்கு அப்பாலும் இதே வேலை, ஏறத்தாழ அதே காலத்தில், நடைபெற்றது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிற் சமணத் துறவியருக்காகக் குகைகள் செப்பஞ் செய்யப்பட்டன. மாங்குளத்துக் கல்வெட்டு நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும். சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள், தலையணை மேட்டுடனே, இன்றுங் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று எருமை நாட்டிற் பிறந்த துறவிக்கெனச் செய்யப்பட்டது. கொங்கர்புளியங்குளத்துக் கல்வெட்டுக்களை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன், குகையின் முகப்பிற் கூரை வேய்ந்து கொடுத்தோர் பெயர்கள் அவற்றில் உள்ளன என்பர். அரசன் கொடையோடு ஒப்ப, ஓலைக்கூரை வேய்ந்தவன் பெயருங் கல்லில் நின்றது. திருப்பரங்குன்றத்திலோ எருக்காட்டூர் ஈழக்குடும்பிகன் போலாலையன் என்னும் பெயர் காணப்படுகின்றது. ஈழத்தோடு தொடர்புடைய இல்லறத்தான் ஒருவன், பாண்டி நாட்டுப் பாறையொன்றை யாரோ ஒரு துறவியின் படுக்கையாக்கினான்.

இனி, பெயர் பொறியாதவர் பக்கம் திரும்புதல் வேண்டும்.

பௌத்த துறவிகள் குகைகளில் அமர்வதற்கு நெடுங்காலம் முன்பும், சில குகைகள் கைவிடப்பட்ட பின்பும், அவற்றில் வாழ்ந்தோர் வேடர். 1907, 1908ஆம் ஆண்டுகளில் அவர்களிடையே ஆராய்ச்சி செய்த செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் ஓர் அரிய செய்தி உளது. ஒரே பாறையொதுக்கிற் பல குடும்பங்கள் ஒருங்கே வாழும். இடையிற் சுவரில்லை, தட்டியில்லை. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் தன் எல்லைக்குள்ளேயே நிற்கும். குகையை இல்லமாக்கிய கோடு அங்கே கல்லில் வெட்டப்படவில்லை. அது அவர்தம் ஒழுக்கத்தில் வெட்டப்பட்டிருந்தது. நாகரிகம் என்னும் சொல்லை வேடர்க்கு மறுப்போர் இப்பகுதியை ஒருமுறை படிப்பாராக.

அந்நூல் கரையோர வேடரையுங் கூறுகின்றது. மட்டக்களப்புக்கு வடக்கே கடலோரமாக வாழ்ந்த இவர்கள் தமிழ் பேசுவோர். மீன்பிடித்தும் சேனை செய்தும் தேனெடுத்தும் வாழ்ந்தோர். வெருகல், வாகரை, மூதூர்ப் பகுதிகளில் அவர் வழிவந்தோர் இன்றும் உளர். தாழ்நிலத்து வேடனுக்குக் குகையில்லை. கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, மண்ணெறிந்து, இலுக்குப் புல்லாலோ கிடுகாலோ வேய்ந்த சிறு குடிலே அவன் இல்லம். இவ்வீட்டுக்கு நீர்வடி விளிம்பு எது எனின், அதன் இறப்பு. சுவரைத் தாண்டி நீண்டு தாழ்ந்திறங்கும் அவ்விறப்பு மழையை மண்சுவரில் தீண்டவிடாது புறத்தே வீழ்த்தும். கற்றச்சன் பாறையிற் கண்டதைக் குடில் கட்டியவன் புல்லிற் கண்டான். பாறை நின்றது, புல் மக்கிற்று. அறிவில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை.

குடிலினுஞ் சிறியது பரண். தினைப்புனங் காக்குங் குறிஞ்சி மகளிர் அமர்ந்த பரணைச் சங்க நூல்கள் இதணம் என்றும் கழுது என்றுங் கூறும். பெரும்போக வயலை யானையினின்றும் காப்பதற்கு வெருகற் புறத்தில் இன்றும் பரண் கட்டப்படுகின்றது. மரக்கவட்டிற் குறுக்குக் கம்பிட்டு, மேலே சிறு கூரை வைத்தாற் போதும். ஒருவர் அல்லது இருவர் இரவு கழிக்கலாம். நிலத்தினின்று உயர்ந்திருத்தலால் வெள்ளத்துக்கும் அஞ்சவேண்டுவதில்லை, விலங்குக்கும் அவ்வளவாக அஞ்சவேண்டுவதில்லை. இன்று உல்லாசப் பயணிகளுக்கென உள்நாட்டுக் காட்டோரங்களில் எழுந்துள்ள மரவீடுகள் இப்பரணின் பேரப்பிள்ளைகள் எனலாம்.

கடற்கரையில் இதற்கு நிகரானது வாடி. கீழ்க்கரைக் கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் மேல்கரை மீனவர் இங்கு வந்து கரைவலை இழுத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். வலையும் கருவாடும் தாமுந் தங்குதற்கு அவர்கள் மணலில் அமைக்கும் கிடுகுக் கொட்டிலே வாடி. பருவம் முடிய அது வெறிதாகும். ஈழத் தமிழர் பிரயாணிகள் விடுதியை வாடிவீடு என வழங்குகின்றனர். ஆங்கில ஆட்சியில் உத்தியோகத்தர் தங்குதற்கென ஊர்தோறும் எழுந்த ஓட்டுக் கட்டடத்துக்குத் தமிழன் வேறு பெயர் தேடவில்லை. மீனவன் கொட்டிலின் பெயரோடு வீடு என்னும் சொல்லைச் சேர்த்தான். நிலையாகத் தங்காமைக்கென ஆக்கிய வீடு என்பதே இரண்டுக்கும் பொதுவியல்பு. விடுமுறையுறையுளின் இலக்கணத்தை இதனினுஞ் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

செல்வரின் முயற்சிகளை விரைந்து கூறலாம். வெலிகாமக் குடாவிலுள்ள சிறு கற்றீவில் 1920களிற் டி மோனி பிரபு எண்கோண மாளிகை அமைத்துத் தப்ரபேன் எனப் பெயரிட்டார். 1950களில் அமெரிக்க எழுத்தாளர் போல் போல்ஸ் அதனை வாங்கினார். கட்டடக் கலைஞர் ஜெவ்ரி பாவா கொழும்பிலே ஒரே வரிசையில் நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றிற் குடிபுகுந்து, ஏனையவற்றையும் ஒவ்வொன்றாகப் பெற்று, சுவர்களைத் திறந்து ஒரே இல்லமாக இணைத்தார். இவை அழகிய முயற்சிகளே. ஆயினும் இக்கட்டுரையின் பொருளுக்கு இவற்றினும் உதவுவது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் ஹமன்கீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய இக்கோட்டை பின்னாளிற் சிறைச்சாலையாயிற்று. 2009இற் போர் முடிந்தபின் கடற்படையினரால் விடுதியாக்கப்பட்டது. சுவர் அதுவே; கடலும் அதுவே. ஒருவன் அங்கே திறப்பு வருமோ என ஏங்கியிருந்தான். மற்றொருவன் பணங் கொடுத்து அங்கே உறங்குகின்றான். சிற்றிடத்தை ஓய்வுறையுளாக்குவது அதன் அளவன்று, அழகுமன்று. விரும்பிய நாளில் வெளியேறும் உரிமையே.

இவ்வேறுபாட்டை வெருகல் மக்களுக்கு எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. 2006ஆம் ஆண்டு மாவிலாற்று மதகுச் சிக்கலைத் தொடர்ந்து மூண்ட போரில் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்று, வெருகல் மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் பெயர்ந்தனர். தறப்பாள் கூடாரமே அங்கு இல்லமாயிற்று. ஒரு கூடாரத்தில் ஒரு குடும்பம்; அடுப்புக்கு ஓரிடம், படுக்கைக்கு ஓரிடம், பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஓரிடம். தடுக்கச் சுவரில்லாதவிடத்து எல்லை வகுத்து வாழும் கலை மீண்டும் வேண்டப்பட்டது. அதனை ஆக்கத்திறன் எனப் புகழ்ந்து எழுத எவருக்கும் மனம் வராது. வாடியில் இருப்பவனுக்குப் பருவம் முடியும் மாதம் தெரியும்; விடுதியில் இருப்பவனுக்குத் திரும்பும் நாள் தெரியும்; அவர்களுக்கு ஒன்றுந் தெரிந்திலது. 2007இல் மீள்குடியேற்றம் தொடங்கியபோது திரும்பியோர் பலர் முதலில் அமைத்ததுவும் கம்பும் தகரமுங் கொண்ட ஒரு சிறு கொட்டிலே.

குகையின் அளவை நூல்களில் உண்டு; விளிம்பின் ஆழமும் எழுத்தின் உயரமும் அங்குலக் கணக்கிற் பதிவாகியுள்ளன. கரையோர வேடன் குடிலின் நீள அகலத்தை, அதன் இறப்பு நிலத்தினின்று எத்தனை சாண் உயரத்தில் நின்றது என்பதை, வரிச்சுக்கு எம்மரத்தைத் தேர்ந்தான் என்பதை அறிந்த முதியோர் வெருகலிலும் வாகரையிலும் இன்னுஞ் சிலர் உளர். கல்வீட்டுத் திட்டங்கள் வந்தபின் அக்குடில்கள் குறைந்துவிட்டன. வயற்காவற் பரண் மட்டும், யானை உள்ளவரையில், மார்கழியிற் கட்டப்பட்டு அறுவடையோடு கைவிடப்படுகின்றது.