பா. சிவந்தி ஆதித்தன்

பா. சிவந்தி ஆதித்தன் (24 செப்டம்பர் 1936 – 19 ஏப்ரல் 2013) தினத்தந்தி நாளிதழின் அதிபராக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர்; கல்வி, விளையாட்டு, கோயில் திருப்பணி ஆகியவற்றுக்கு வாரி வழங்கியவர். இவருடைய தந்தை சி. பா. ஆதித்தனார் சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்துவிட்டுத் தாயகம் திரும்பி, 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் ‘தந்தி’ இதழைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி விளங்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. சிறிய வாக்கியம், பேச்சில் புழங்கும் சொல், பெரிய தலைப்பு என அமைந்த அந்த நடை, அதுவரை பத்திரிகையைத் தொடாதவர்களையும் வாசகர்களாக்கியது.

சிவந்தி ஆதித்தன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். படிப்பு முடிந்ததும் அதிபர் நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. அச்சுக்கோத்தல், அச்சு இயந்திரம், பிழை திருத்தம், பார்சல், செய்தி சேகரிப்பு என ஒவ்வொரு பிரிவிலும் வேலை பழகினார். தந்தை அரசியலில் முழுமையாக இறங்கிய காலத்தில், 1959இல், நிர்வாகம் இவர் கைக்கு வந்தது.

தந்தை தந்த நடையை அவர் மாற்றவில்லை. அச்சகத்தை வாசகருக்கு அருகே கொண்டுபோனார். கோவை, சேலம், திருநெல்வேலி, வேலூர், புதுச்சேரி, பெங்களூரு, மும்பை எனப் பதிப்புகள் பெருகின. அதனால் உள்ளூர்ச் செய்திக்குப் பக்கம் கிடைத்தது. நாட்டில் மிகுதியாக விற்கும் நாளிதழ்களுள் ஒன்றாகத் தினத்தந்தி உயர்ந்ததற்கு இந்தப் பரவலே முதற்காரணம் எனலாம்.

ஈட்டிய பொருளில் கணிசமான பகுதி தென்மாவட்டங்களுக்கே திரும்பியது. திருச்செந்தூரில் 1965இல் ஆதித்தனார் கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் தாயார் பெயரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரியும் (1986), பொறியியல் கல்லூரியும் (1995), உடற்கல்வியியல் கல்லூரியும் வந்தன. விளையாட்டின் மீது அவருக்கு இருந்த பற்று உடற்கல்விக்குத் தனிக் கல்லூரி கண்டதிலேயே தெரியும். கைப்பந்துக் கூட்டமைப்பை நடத்திய அவர், இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராக 1987 முதல் 1996 வரை பணியாற்றினார்.

அவருடைய கொடைகளில் தலையாயது தென்காசி காசி விசுவநாதர் கோயில் இராசகோபுரம். 15ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுது பார்ப்போரைப் பணிவதாகக் கல்லில் பொறித்துவைத்தவன். சிதைந்த கோபுரம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மொட்டையாக நின்றது. திருப்பணிக்குச் சிவந்தி ஆதித்தன் தலைமையேற்றார். ஒன்பது நிலைகளுடன் கோபுரம் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது.

2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன் தந்தி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அவருக்குப் பின் நிறுவனப் பொறுப்பு மகன் பாலசுப்பிரமணியன் ஆதித்தனிடம் வந்தது. திருச்செந்தூரை அடுத்த வீரபாண்டியன்பட்டினத்தில் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.