கோவளம்: மணலுக்கு வந்தவர்களும் சாலைக்கு வந்தவரும்

கோவளம் என்றதும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சென்னைக்கு அருகே உள்ள கோவளம்தான் நினைவுக்கு வரும். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலும் ஒரு கோவளம் இருக்கிறது. நான் எழுதுவது திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞத்தை ஒட்டிய கோவளத்தைப் பற்றி. சுற்றுலாத் துறையின் கையேடுகளில் அதன் வரலாறு வழக்கமாக இப்படித்தான் இருக்கும்: அமைதியான மீனவ கிராமம், அரச குடும்பத்தின் ஓய்வு மாளிகை, பிறகு ஹிப்பிகள், பிறகு உலகப் புகழ். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வெங்கானூர் என்ற ஊர் இருக்கிறது. கையேடுகளில் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

1863-இல் அய்யன்காளி பிறந்தது அந்த வெங்கானூரில். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. புலயர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதும் அடகு வைக்கப்பட்டதும் அவருடைய பெற்றோர் தலைமுறையின் அனுபவம். அரசுச் சாலைகள் எல்லோருக்கும் பொது என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் சாலையில் ஒரு புலயர் நடந்தால் அடி விழும். 1893-இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகையோடு அதில் ஏறி அதே சாலையில் போனார். வில்வண்டி ஆதிக்கச் சாதியினரின் வாகனம், தலைப்பாகை அவர்களுடைய உடை. தடுத்தவர்களுக்கு எதிரே கத்தியை உருவினார். பின்னர் பாலராமபுரத்தில் அவரும் தோழர்களும் நடந்து போனபோது தெருவிலேயே மோதல் வெடித்தது.

கோவளத்தின் கதையை நான் இந்த வண்டியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. 'பொது இடம்' என்ற சொல்லுக்கு இந்தக் கரையோரத்தில் முதலில் பொருள் கொடுத்தவர் அவர். கடற்கரையும் சட்டப்படி பொது இடம்தான்.

கோவளத்தின் பாறைமேட்டில் நிற்கும் ஹால்சியன் மாளிகை 1932-இல் கட்டப்பட்டது. ராணி சேது லட்சுமி பாயியின் குடும்பத்துக்கான கடலோர ஓய்வில்லம் அது. இந்தப் பெயர் உங்களுக்கு வேறோர் இடத்தில் பழக்கமாயிருக்கும். வைக்கம் போராட்டம் முடிவுக்கு வந்தபோது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். 1925-இல் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மூன்று எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன, கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936 நவம்பரில். கடற்காற்றுக்காக மாளிகை எழுந்தபோது, பக்கத்து ஊர்ப் புலயர்கள் கோயிலுக்குள் கால்வைக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. மாளிகையின் படங்களில் இந்தத் தேதிக் கணக்கு தெரிவதில்லை.

1964-இல் மாளிகை அரசின் கைக்கு வந்தது. மைய அரசு கோவளத்தைக் கடற்கரைச் சுற்றுலாத் தலமாக்க முடிவெடுத்தது. கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1969-க்கும் 1974-க்கும் இடையில் அங்கே ஒரு விடுதி வளாகத்தைக் கட்டினார். குன்றின் சரிவிலேயே படிப்படியாக இறங்கும் கட்டிடம், மேட்டின் வடிவத்தை அழிக்காதது. அழகான கட்டிடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1972-இல் கலங்கரை விளக்கமும் வந்தது. இதே காலத்தில் முதுகுப்பையோடு வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து மீனவர் வீடுகளில் திண்ணைக்கும் அறைக்கும் வாடகை கொடுத்துத் தங்கினார்கள். அப்போது அந்தக் காசில் ஒரு பகுதியாவது மீனவர் வீட்டுக்குள் போனது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். கோவளத்துக்குச் சுற்றுலா வந்த அதே ஆண்டுகளில்தான் கேரளத்தின் நிலச்சீர்திருத்தமும் நடந்தது. 1970 ஜனவரி 1 முதல் குத்தகைதாரர்கள் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார்கள். உலகமே பாராட்டிய சீர்திருத்தம் அது. ஆனால் புலயர், பறையர், குறவர் குத்தகைதாரர்களாக இருந்தவர்கள் இல்லை, கூலிகளாக இருந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது 'குடிகிடப்பு' உரிமை: குடிசை நிற்கும் இடமும் அதைச் சுற்றிக் கொஞ்சமும். பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகராட்சியில் மூன்று. வயலும் தென்னந்தோப்பும் இடைநிலைச் சாதிகளின் கைக்குப் போயின. அதுவும் கிடைக்காதவர்கள் 1972-இல் தொடங்கிய லட்சம் வீடு காலனிகளுக்குப் போனார்கள்.

இப்போது கடற்கரையில் விடுதி கட்ட ஒருவர் நிலம் தேடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பு வைத்திருந்தவர் விற்கலாம், குத்தகைக்கு விடலாம், தானே லாட்ஜ் கட்டலாம். பத்து சென்ட் வைத்திருந்தவர் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தபின் மிஞ்சியது ஒரு அறையும் ஒரு கிணறும். அவர் விற்பதற்கும் இடம் இல்லை, கட்டுவதற்கும் இடம் இல்லை. விடுதியில் துணி வெளுக்கலாம், கழிவறை கழுவலாம், கட்டிடத்துக்குக் கல் சுமக்கலாம். 1970-இல் யாருக்கு என்ன கிடைத்ததோ, அதைத்தான் அடுத்து வந்த சுற்றுலா பெருக்கியது. 'சுற்றுலாவால் எல்லோருக்கும் வேலை கிடைத்தது' என்று யாராவது சொன்னால், யாருக்கு எந்த வேலை என்று கேளுங்கள்.

நான் முதலில் கோவளம் போனது 1990-களின் தொடக்கத்தில், ஒரு மாணவர் முகாமுக்காக. சொல்வதில் வெட்கம் என்ன, அந்தக் கடலை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலையில் கரைவலை இழுப்பார்கள். படகு அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வரும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டோடு, மணிக்கணக்கில் கயிற்றை இழுப்பார்கள். கயிறு இழுக்க முன்வந்த யாருக்கும் கொஞ்சம் மீன் கிடைக்கும். எங்களுக்கும் ஒரு கை மத்தி கிடைத்தது.

கரைவலைக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீளமான, தடையில்லாத மணல் வேண்டும். வலையின் இரு முனைகளும் விரிந்து நெருங்க இடம் வேண்டும். இழுத்த கயிற்றைச் சுருட்டவும் வலையைக் காயவைக்கவும் இடம் வேண்டும். சுற்றுலாவுக்கும் அதே மணல்தான் வேண்டும், குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும். 1990-களில் ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானங்கள் நேராகத் திருவனந்தபுரத்தில் இறங்கத் தொடங்கியபின் இந்தப் போட்டியில் வலைக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. தடை உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. மீன் நாற்றம் என்று ஒரு புகார், காலை எட்டு மணிக்குள் வேலையை முடியுங்கள் என்று ஒரு வேண்டுகோள், இவையே போதும். முக்குவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர். ஆனால் 'நாற்றம்' என்ற சொல் எந்தக் கிடங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு மீண்டும் போனேன். லைட்ஹவுஸ் கடற்கரையில் நடைபாதையை ஒட்டி உணவகங்கள், துணிக்கடைகள், ஆயுர்வேத மசாஜ் பலகைகள். ஒரு விடுதியின் பக்கவழியாக மணலுக்கு இறங்கப் போனபோது காவலாளி கைகாட்டி நிறுத்தினார். "கெஸ்டா சார்?" என்றார். இல்லை என்றதும் சுற்றிப் போகச் சொன்னார். அவரும் நம்மில் ஒருவர்தான், தினக்கூலிக்கு நிற்பவர். அவரிடம் என்ன சண்டை போடுவது? சுற்றிப் போனேன்.

1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையின் உயர்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டிடமே கூடாது. 2019-இல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊரகக் கடற்கரைகளில் அந்த 200-ஐ 50 ஆகக் குறைத்தது. கேரளக் கரை முழுக்க மக்கள் நெருக்கம்தான். மீனவர் வீடு கட்டிக்கொள்ள உதவும் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 51-ஆவது மீட்டரில் மாடி எழுப்பும் பணம் யாரிடம் இருக்கிறது என்று அறிவிக்கை கேட்பதில்லை.

விடுதியும் மாளிகையும் 2002-இல் தனியார்மயமாக்கப்பட்டன. மாளிகையை மீட்க மாநில அரசு சட்டம் இயற்றியது, அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்த மாளிகை மக்கள் சொத்து என்று கட்சிகள் ஊர்வலம் போயின. நல்லதுதான். கீழே இருந்த மணலுக்காகவும் அப்படியோர் ஊர்வலம் போயிருக்கலாம். தெற்கே, கண்ணுக்கெட்டும் தொலைவில், சுமார் மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவரோடு அதானியின் விழிஞம் துறைமுகம் நிற்கிறது. கரை அரிப்புக்கு அதுவே காரணம் என்று சொல்லி மீனவர்கள் 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை வாயிலை மறித்துப் போராடினார்கள். 2025 மே மாதம் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

வெங்கானூருக்கு ஆட்டோவில் போனேன். அய்யன்காளி தொடங்கிய பள்ளி அங்கே இருக்கிறது, அவருடைய நினைவிடமும் இருக்கிறது. தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று புலயர்களை வேலைநிறுத்தம் செய்யவைத்தவர் அவர். கடற்கரையில் கூட்டம் நெரிந்த அதே ஞாயிற்றுக்கிழமை அங்கே என்னைத் தவிர வந்தவர் யாரும் இல்லை.

உங்கள் கல்லூரிச் சுற்றுலா கோவளம் போனால், அரை நாள் இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கையில் பேசியும் அதில் ஒலிப்பதிவும் இருக்கிறது. 1970-களில் அந்த விடுதிகளில் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். அவர்களைத் தேடி உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்தை அப்புறம் கேட்கலாம். இந்தக் கட்டிடம் நிற்கும் இடத்தில் முன்பு யாருடைய குடிசை இருந்தது, அந்தக் குடும்பம் இப்போது எந்தக் காலனியில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 'காலனி' என்ற பெயரைக் கேரள அரசு 2024-இல் கைவிட்டுவிட்டது. புதுப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆட்டோக்காரருக்கு வழி தெரியாது.